உள்ளூர் மியூசியம் ஒரு தடவைக்கு மேல் தாங்குமா?

பிப்ரவரி 10, 2024 – ஒரு வாசகரின் கேள்வி

விடுமுறை நாளில் குடும்பத்தோடு கிளம்பி காலையில் மியூசியம், மதியம் தாவரவியல் தோட்டம், மாலையில் ஓவியக்கூடம் என்று மூன்றையும் ஒரே நாளில் முடித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்றும் நினைவில்லை, கால் வலிதான் மிச்சம். உள்ளூர் மியூசியத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், அதற்கு மேல் அங்கே எதுவும் இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர் உண்டா?

பிப்ரவரி 11, காலை

உண்டு. நான் மறுக்கிறேன்.

'முடித்தோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். முடிப்பதற்கு அது என்ன பாத்திரம் கழுவுகிற வேலையா? வெளியூரிலிருந்து வந்தவருக்கு வேறு வழியில்லை, இன்றைக்கு விட்டால் விட்டதுதான். உள்ளூர்க்காரருக்கு அந்த ஓட்டம் எதற்கு? பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வந்துவிடலாம். பிடித்தாலும் பாதியில் வந்துவிடலாம். ஒரு அறை, ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். அடுத்த அறை அடுத்த மாதம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஆட்கள் ஒரு ஓவியத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். 2001ல் அந்த ஆய்வு வெளியானது. சராசரி 17 வினாடி. அதுவும் பேர்போன ஓவியங்களுக்கு. ஒரு ஜோடி செருப்பு வாங்க நாம் இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வோம்.

பிப்ரவரி 11, இரவு

காலையில் அவசரத்தில் எழுதியதில் பிழை. 17 வினாடி என்பது சராசரி அல்ல, நடு எண். அதாவது பாதிப் பேர் அதற்கும் குறைவாக நின்றார்கள், மீதிப் பேர் அதிகமாக. சராசரி 27 வினாடி சொச்சம். கொஞ்சம் பேர் நகராமல் நின்று சராசரியைத் தூக்கிவிட்டார்கள். நான் அந்தக் கொஞ்சம் பேரின் கட்சி. செருப்பு உதாரணம் 27க்கும் பொருந்தும், அதை மாற்றவில்லை.

பிப்ரவரி 12

கால் வலிக்கு வருகிறேன். நேற்று அதைப் பொருட்படுத்தாமல் விட்டது சரியில்லை. அதற்கு 100 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறே இருக்கிறது.

பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் செயலராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916ல் 'மியூசியம் சோர்வு' என்றே தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு ஆளிடம் சில எளிய கேள்விகளைக் கொடுத்து, கண்ணாடிப் பேழைகளைப் பார்த்து விடை கண்டுபிடிக்கச் சொன்னார். அந்த ஆள் படும் பாட்டைப் படம் பிடித்துப் போட்டார். குனிகிறார், குந்துகிறார், கழுத்தை நீட்டுகிறார், இடுப்பை ஒடிக்கிறார். சோர்வுக்குக் காரணம் பார்க்க வந்தவனின் ஆர்வக்குறைவு இல்லை, பேழையை இந்த உயரத்தில் வைத்தவர்கள்தான் என்பது கில்மனின் வாதம்.

என் மாமியாருக்கு 78 வயது. முழங்கால் ஒத்துழைக்காது. நுழைவாயிலில் கேட்டுச் சக்கர நாற்காலி வாங்கி, உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் கழித்து நான் தூணில் சாய்ந்து நிற்கிறேன், அவர் தெம்பாக "அடுத்தது என்னம்மா?" என்கிறார். சோர்வு காலில்தான் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

ஆனால் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் மியூசியமே வேறு. பழங்காசுகள் வைத்த, மேசை மாதிரிப் படுக்கையாக இருக்கும் பேழைகளில் அவர் கண்ணுக்கு எட்டியது மரச்சட்டமும் கூரை விளக்கின் பளபளப்பும்தான். "காசு காசுன்னு சொல்றியே, எங்க?" "மேல இருக்கு அத்தை." "மேலயா? அப்ப நீயே படி." கடைசியில் ஒவ்வொரு விளக்க அட்டையையும் நான் உரக்கப் படித்துக்கொண்டு வந்தேன். அதற்கு முன் அந்த அறைக்கு நான்கு தடவை போயிருக்கிறேன். ஒரு அட்டையைக்கூட முழுசாகப் படித்ததில்லை என்று அன்றுதான் எனக்கே உறைத்தது.

பிப்ரவரி 12, சற்றுப் பின்

சோர்வு காலில்தான் இருக்கிறது என்று மேலே எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். 1920களில் எட்வர்ட் ராபின்சன் என்ற உளவியலாளர் மியூசியம் பார்வையாளர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஆட்களை உட்கார வைத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியும் பார்த்தார். அப்போதும் போகப்போக ஆர்வம் இறங்கியது. ஆக, ஒரே வகைச் சாமான்களை அடுத்தடுத்துப் பார்த்தால் உட்கார்ந்திருந்தாலும் அலுக்கும். இப்போது நினைவு வருகிறது, என் மாமியாரும் மண்பாண்ட அறையின் நடுவில் "எல்லாச் சட்டியும் ஒண்ணாத்தான் இருக்கு, வெளிய தள்ளு" என்றார். தெம்பு என்று நான் எழுதியது அதற்கு முந்தைய அறை வரைக்கும்.

பிப்ரவரி 14

"அப்படியானால் வீட்டில் உட்கார்ந்து கணினியிலேயே பார்த்துவிடலாமே" என்று ஒரு கேள்வி.

திரையில் எல்லாம் ஒரே அளவு. மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். சுவர் நிறைய இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் இதுதானா என்று கேட்பது அதனால்தான். இதன் மறுபக்கமும் உண்டு. படத்தில் நெல்லிக்காய் அளவுக்குத் தெரிந்த பாசிமணி நேரில் கடுகு மாதிரி இருக்கும். அதில் துளை வேறு போட்டிருப்பான் ஒருவன். அவன் எந்தக் கருவியால் துளைத்தான், எத்தனை உடைத்துப் போட்டான் என்று நினைப்பு ஓடுவது அதை அதன் அளவில் பார்க்கும்போதுதான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். கேள்வி கேட்டவர் தோட்டத்தை மதியத்தில் வைத்தது பெரிய தப்பு. தோட்டத்துக்கென்று நேரம் உண்டு. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751ல் எந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும், எப்போது மூடும் என்று பட்டியல் போட்டு, பூக்களைக் கொண்டே கடிகாரம் அமைக்கலாம் என்றார். தமிழ் தெரிந்தவருக்கு அந்தப் பட்டியல்கூட வேண்டாம், பெயரே மணி சொல்லும். பத்துமணிப் பூ, அந்திமந்தாரை. உச்சி வெயிலில் போனால் விடியலில் விரிந்த கூட்டம் வாடத் தொடங்கியிருக்கும், அந்தியில் விரிகிற கூட்டம் கண் விழித்திருக்காது. தோட்டம் காலையில், கூரை உள்ள இடம் மதியத்தில். இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் சாயங்காலம் திரும்பத் தோட்டத்துக்கே ஒரு நடை.

தாவரவியல் தோட்டமும் மியூசியம்தான், பேழைக்குப் பதில் பாத்தி. இத்தாலியின் பாதுவாவில் 1545ல் பல்கலைக்கழகத்துக்காகத் தொடங்கிய தோட்டம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. மருத்துவம் படிக்கிறவர்கள் மூலிகையைப் போலியிலிருந்து பிரித்தறியப் பழக வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது அது. அங்கே 1585ல் நட்ட ஒரு பனை வகை இன்னும் உயிரோடு இருக்கிறது. 1786ல் ஜெர்மன் கவிஞர் கோத்தே அதைப் பார்த்து இலைகளின் உருமாற்றம் பற்றி யோசிக்கத் தொடங்கினார், அதனால் கோத்தேயின் பனை என்றே அதற்குப் பெயர். 1786ல் அதை நட்டு 201 ஆண்டு ஆகியிருந்தது. எத்தனையோ பேர் கடந்து போன மரத்தை அவர் நின்று பார்த்திருக்கிறார்.

இனி அட்டைகள். மரத்தில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை, சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி. பலவற்றில் லத்தீன் பெயரின் வாலில் 'எல்' என்று ஒற்றை எழுத்து நிற்கும். பல ஆண்டுகள் அதை 'லார்ஜ்' என்று நினைத்திருந்தேன், சட்டைக்குப் போடுவது மாதிரி. ஒரு சின்னச் செடியிலும் அதே எழுத்தைப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. அது அந்தப் பெயரை வைத்தவரின் அடையாளம். வைத்தவர் அதே லின்னேயஸ். கூடவே ஒரு நீள எண் இருந்தால் அது தோட்டத்தின் பதிவேட்டு எண். முன்பகுதி பெரும்பாலும் ஆண்டு, அதாவது மரத்தின் பிறந்த வருடம்.

பலகையை இறுக்கி ஆணி அடிக்காமல் ஸ்பிரிங் கோத்து மாட்டியிருப்பதையும் கவனியுங்கள். மரம் பருத்துக்கொண்டே போகும். இறுக்கி அடித்தால் சில வருடங்களில் பட்டை மூடி, தன் பெயரைத் தானே விழுங்கிவிடும்.

பிப்ரவரி 19

எண் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். அந்த ஆண்டு மரம் பிறந்தது அல்ல, அந்தச் செடியோ விதையோ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. விதையாக வந்திருந்தால் என் கணக்கு ஏறத்தாழச் சரி. வளர்ந்த கன்றாக வந்திருந்தால் தப்பு. நேற்றைய என் கணக்கை நம்பி யாராவது ஒரு மரத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடியிருந்தால் என்னைத் திட்டவும்.

மாமியார் விஷயத்தில் இன்னொன்று. முதல் குறிப்பில் 'அடுத்த அறை அடுத்த மாதம்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதையே வீட்டிலும் சொன்னேன். "அடுத்த மாசம் நான் வரணுமே" என்றார் அவர். முகத்தில் வருத்தம் ஒன்றுமில்லை, கணக்குச் சொல்லும் குரல்தான். ஒரு அறை ஒரு நாள் என்ற என் சட்டம், வருவதற்கு நிறைய நாள் கையில் வைத்திருப்பவர்களுக்கானது. அவரைப் போன்றவர்களோடு போகும்போது என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 2

யோசித்து ஒரு வழி கிடைத்தது: எத்தனை அறை என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நான் வாயைத் திறக்கக்கூடாது. இன்று அப்படிப் போனோம். நான்கு அறைகளை நிற்காமல் தள்ளச் சொன்னார். ஐந்தாவது, துணிகள் வைத்திருக்கும் இருட்டறை.

"கரன்ட் காசை மிச்சம் பிடிக்கிறாங்களா?" என்றார் உள்ளே நுழைந்ததும்.

அந்த இருட்டுக்குக் காரணம் சிக்கனம் இல்லை. துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் இவற்றுக்கெல்லாம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு ஒளிதான் என்று மியூசியக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கிறார்கள். சாதாரண அலுவலக அறையில் அதுபோலப் பல மடங்கு இருக்கும். சாயத்துக்கு வெளிச்சம் செய்யும் கெடுதல் சேர்ந்துகொண்டே போகும், திரும்பி வராது. இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம், ஒரு நாள் சிவப்பு பழுப்பாகிவிடும். அதனால்தான் சில மாதங்கள் காட்டிவிட்டு, எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடங்கள் பிடிக்கும். நம் ஆட்கள் அதற்குள் அறையைத் தாண்டிவிடுகிறார்கள். அத்தை உட்கார்ந்திருந்ததால் தப்பித்தார். முதலில் ஒரு கருப்புத் துணி, பிறகு அது கருநீலம், பிறகு ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு, பிறகு அந்தக் கோட்டுக்குள்ளே ஒரு கொடி. அவர் எனக்குச் சொல்லச் சொல்ல எனக்கும் தெரிந்தது. ஒரு ஓரத்தில் யாரோ தைத்துச் சரிசெய்திருக்கிறார்கள், வேறு நூலில். "இதை உடுத்திருந்தவதான் தச்சிருப்பா, கைய பாரு, அவசரத் தையல்" என்றார். அட்டையில் அது இல்லை. 20 நிமிடம் இருந்தோம். 27 வினாடிக்கு எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 3

படம் எடுத்தாயா என்று கேட்காதீர்கள். எடுக்கவில்லை. என் பழைய தொலைபேசியில் ஒரே மியூசியத்தின் 312 படங்கள் இருக்கின்றன, ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்து 2014ல் வெளியிட்டார். மியூசியத்தைச் சுற்றிவரும்போது சில பொருட்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், முழுப் பொருளையும் படமெடுத்தவர்களுக்கு அவை குறைவாகவே நினைவிருந்தன. கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிடுகிறது போல. ஆனால் பொருளின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் இல்லை. அதனால் எடுப்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். பானையை எடுக்காமல் அதன் விளிம்பில் இருக்கும் கைரேகையை எடுங்கள்.

பென்சிலால் வரைவது இன்னும் நல்லது. பல இடங்களில் பேனாவை அனுமதிக்கமாட்டார்கள், பென்சிலுக்குத் தடை இருக்காது. நான் வரைந்த யானையைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பையன் "எலியா ஆன்ட்டி?" என்றான். இருக்கட்டும். அந்த யானையின் முன்கால் நகம் எத்தனை என்று எனக்கு இன்னும் தெரியும்.

மார்ச் 19

போனேன். மூடியிருந்தது. வாரத்தில் ஒரு நாள் மூடுவார்கள் என்பதையும் அந்த நாள் எது என்பதையும் உங்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிற நான் பார்க்கவில்லை. வெளியே புல்வெளியில் கிடக்கும் கற்சிலைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். மற்ற நாளில் உள்ளே ஓடுகிற ஓட்டத்தில் அவற்றை நின்று பார்த்ததேயில்லை.

ஏப்ரல் 7

தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு வயது. குழந்தைகளோடு போகிறவர்கள் கேட்டதால் நடந்ததை எழுதுகிறேன், இதை வழிமுறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு அறையிலும் 'வீட்டுக்கு எடுத்துப் போக ஒன்று' தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். இதுதான் விளையாட்டு. முதல் அறையில் அவள் தேர்ந்தெடுத்தது தீயணைப்பு உருளை. காரணம்: சிவப்பு. இரண்டாம் அறையில் காவலரின் நாற்காலி. காரணம்: "அவங்களுக்கு மட்டும் உட்கார இடம் இருக்கு பெரியம்மா." கில்மன் ஒரு கட்டுரை முழுக்க எழுதியதை இவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். மூன்றாம் அறையில்தான் கண்காட்சிப் பொருள் ஒன்று, எலும்புக்கூடு. அதன் தலை இதனுடையதுதானா என்று கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். பிட்ஸ்பர்க்கின் கார்னகி மியூசியத்தில் அபட்டோசாரஸ் என்ற பெரிய டைனோசருக்குப் பல பத்தாண்டுகள் வேறொரு இனத்தின் தலையை மாட்டி வைத்திருந்தார்கள். 1979ல்தான் சரியான தலை ஏறியது. இதை அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு எல்லா அறையிலும் எல்லாவற்றின் தலையையும் சந்தேகப்பட்டாள், சிலைகள் உட்பட. சில சிலைகளுக்குத் தலையே இல்லை என்பதில் அவளுக்குத் தனித் திருப்தி.

தோட்டத்திலும் இந்தக் கதை உண்டு. தாம்பாளம் போல இலை விரிக்கும் ராட்சத ஆம்பலில் இரண்டே வகைதான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மூன்றாவதின் உலர்ந்த மாதிரி லண்டன் கியூ தோட்டத்தின் தொகுப்பில் வேறு வகையின் பெயரில் 177 ஆண்டுகள் கிடந்தது. 2022ல் விக்டோரியா பொலிவியானா என்று தனிப் பெயர் வைத்தார்கள். ஆம்பலிலேயே மிகப் பெரியது இதுதான், இலை மூன்று மீட்டரையும் தாண்டும். இவ்வளவு பெரிய சாமானே 177 வருடம் கண்ணில் படாமல் இருக்க முடியும் என்றால், ஒரு தடவை பார்த்தாயிற்று, அங்கே எதுவும் இல்லை என்று நாம் எந்தத் தைரியத்தில் சொல்வது?

ஏப்ரல் 8

நேற்று எழுதியதில் வீராப்பு கொஞ்சம் தூக்கல். அந்த ஆம்பலைக் கண்டுபிடித்தவர்கள் ஆயுள் முழுக்க ஆம்பலோடு இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை போகிற நமக்கு அது கிடைக்காது. சில மியூசியங்கள் உண்மையிலேயே அலுப்பானவை, பல ஆண்டுகளாக ஒரு பொருள்கூட இடம் மாறாதவை. எங்கள் வீட்டுப் பரண் மாதிரி. அங்கே கேள்வி கேட்டவர் கட்சிதான் சரி.

பரண் என்றதும் ஒன்று. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏறத்தாழ 80 லட்சம் பொருட்கள் இருக்கின்றன. பார்வைக்கு வைத்திருப்பது சுமார் 80,000, நூற்றுக்கு ஒன்று. மீதி சேமிப்பறையில். சிறிய இடங்களிலும் பின்னால் ஒரு பூட்டிய அறை இருக்கும். அதில் இருப்பவற்றில் ஒன்று வெளியே வந்து பேழையில் உட்கார்ந்தால், அன்றைக்கு அது புது மியூசியம்.

மே 18

இன்று உலக அருங்காட்சியக நாள், 1977லிருந்து கொண்டாடுகிறார்கள். கூட்டம் இருக்கும் என்று தெரிந்தேதான் போனேன், அத்தை அந்தத் துணியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார். வாசலில் பெரும்பாலானோர் வலது பக்கம் திரும்பினார்கள், ராபின்சன் காலத்திலேயே கவனித்த பழக்கம். நாங்கள் இடது பக்கம் போனோம், பாதை காலியாக இருந்தது. நான்கு அறைகளையும் முன்பு போலவே நிற்காமல் தள்ளினேன்.

துணி இருந்த பேழை காலி. 1911ல் மோனாலிசா திருட்டுப் போனபோது அது தொங்கிய வெற்றுச் சுவரைப் பார்க்கக் கூட்டம் வந்ததாம். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலிப் பேழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூலையில் ஒரு அட்டை: 'ஒளியிலிருந்து ஓய்வு அளிப்பதற்காக உள்ளே எடுத்து வைக்கப்பட்டுள்ளது.' உரக்கப் படித்தேன்.

"அதுக்கும் கால் வலியா?" என்றார் அத்தை.